தவறணைக்கு முன்னால் அப்பிள் விற்றவர்

செய்தி வந்தபோது நான் ஒரு சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். ஹட்டன் கடைவீதியில் மழை அப்போதுதான் விட்டிருந்தது. முத்தையா வந்து என் மெஷினுக்கு முன்னால் நின்றான்.

"மாமா, அம்மா போயிட்டாங்க. காலையில தேத்தண்ணி கேட்டாங்க. போட்டுக்கிட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர்கள் முதலில் பார்த்தது அவன் முகத்தை அல்ல, கால்களை. தள்ளாடாமல் நிற்கிறானா என்று பார்த்தார்கள். நேராகத்தான் நின்றான். ஏன் அப்படிப் பார்த்தார்கள் என்பது இந்த வீதியில் இருப்பவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்குப் பின்னால் சொல்கிறேன்.

இறந்தவர் பாக்கியம் அக்கா. 'அப்பிள் பாக்கியம்' என்றால் நோட்டன் பிரிட்ஜ் வரைக்கும் ஆட்களுக்குத் தெரியும். நான் தையல் மெஷின் போட்டிருக்கும் வெரந்தாவில், தூணின் அந்தப் பக்கம் அவருடைய கூடை, இந்தப் பக்கம் நான். பல வருடங்கள் அப்படி இருந்தோம். வாசிகசாலை நண்பர்கள் நினைவுக் கூட்டத்தில் படிக்க ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். சட்டை தைப்பவனுக்கு எழுத்து எந்த அளவுக்கு வருமோ அந்த அளவுக்கு எழுதியிருக்கிறேன்.

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்துக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. பிரஜாவுரிமை மனுவுக்குப் படம் பிடிக்க வருகிற தோட்டத்து ஆட்கள் என்னிடம் வெள்ளைச் சட்டை இரவல் கேட்ட காலம். ஒரு நாள் தலையில் கூடையோடு ஓர் அம்மாள் வந்து நின்றார்.

"தம்பி, இந்தத் தூணுக்குப் பக்கத்துல உக்காந்துக்கட்டுமா? உங்க மெஷினுக்கு எடஞ்சல் பண்ண மாட்டேன்."

கூடையில் அப்பிள் பழங்கள் இருந்தன. நான் நல்லெண்ணத்தோடு ஒரு யோசனை சொன்னேன். இங்கே உட்கார்ந்தால் வியாபாரம் ஆகாது, எதிரே சாராயத் தவறணை, வருகிறவர்கள் எல்லாரும் அங்கே போகிறவர்கள், ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்தால் ரயிலுக்குப் போகிறவர்கள் வாங்குவார்கள் என்றேன்.

"ரயிலுக்குப் போறவங்க எப்படியும் வூட்டுக்குத்தான் போறாங்க தம்பி. நான் இங்கதான் உக்காரணும்" என்று சொல்லிக் கூடையை இறக்கிவிட்டார். அதன் பொருள் எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. முதல் சம்பள நாள் வந்தபோதுதான் புரிந்தது.

சம்பள நாளில் இந்த வீதி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தோட்டங்களிலிருந்து ஆட்கள் இறங்கி வருவார்கள். சட்டைப் பையில் சம்பளம் இருக்கும். பாதிப் பேர் நேராகத் தவறணைப் படி ஏறுவார்கள். அன்றைக்கு அப்படி வந்த ஒருவரை அக்கா கூப்பிட்டார்.

"அண்ணே, ஒங்க சின்னதுக்கு எது புடிக்கும்? செவப்பா, பச்சையா?"

அவர் நின்றார். "எதுன்னாலும் தின்னும்."

"எதுன்னாலும் தின்னா அது ஆட்டுக்குட்டி. ஒங்க புள்ளைக்கு எது புடிக்கும்னு கேக்குறேன்."

அந்த மனிதர் தலையைச் சொறிந்தார். தவறணையைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார். "தெரியலியே" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. தன் வீட்டில் இப்படி ஒன்று தெரியாமல் கிடக்கிறதே என்ற ஆச்சரியம்தான் இருந்தது. கடைசியில் சிவப்பில் ஒன்றும் பச்சையில் ஒன்றும் வாங்கிக்கொண்டார்.

அந்தக் கேள்வியை அக்கா எல்லாரிடமும் கேட்டார். நான் மெஷினை மிதித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். எந்தப் பிள்ளைக்கு எது பிடிக்கும் என்று சொல்லத் தெரிந்த தகப்பன்மார் மிகக் குறைவு. "பொஞ்சாதியத்தான் கேக்கணும்" என்பார்கள். சிலர் சிரித்துச் சமாளிப்பார்கள். ஒருவர் மட்டும், "அவனுக்குப் பல்லு விழுந்திருக்கு, இப்ப எதையும் கடிக்க மாட்டான்" என்றார். அக்காவுக்கு அன்று முழுக்கச் சந்தோஷம். "பாத்தீங்களா தம்பி, புள்ளையோட வாயைப் பாத்திருக்காரு" என்று என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்.

இதனால் குடி குறைந்ததா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். பழத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு தவறணைக்குள் போனவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பழத்தை மடியில் வைத்துக்கொண்டே குடித்தவர்களும் உண்டு.

"எனக்கு எப்படித் தெரியும் தம்பி? பழத்தைப் புடிச்சுக்கிட்டிருந்தா ஒரு கை போச்சு. ஒத்தக் கையால எவ்வளவுதான் குடிப்பான்?" என்றார் அக்கா. விளையாட்டாகச் சொன்னாரா உண்மையாகவே சொன்னாரா என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது.

அப்பிளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவருக்கு நேரம் போவது தெரியாது. பழங்கள் கப்பலில் ஆஸ்திரேலியாவிலிருந்து வரும். மரப்பெட்டிக்குள் ஒவ்வொரு பழத்தையும் மெல்லிய ஊதாக் காகிதத்தில் சுற்றி வைத்திருப்பார்கள். மொத்தமாக எடுத்து விற்கும் முஸ்லிம் வியாபாரியை நாங்கள் நானா என்போம். அவர் கடைக்குப் பின்னால் ஓர் அறையில்தான் அக்கா பிள்ளைகளோடு குடியிருந்தார். பெட்டி உடைத்துப் பழங்களைத் துடைத்து அடுக்கிக் கொடுப்பது அவர் வேலை. அடிபட்ட பழங்களை நானா அவருக்கே கொடுத்துவிடுவார். அடிபட்ட இடத்தை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை அக்கா தின்று பார்ப்பார். அப்படித்தான் எல்லா வகையும் அவருக்குப் பழக்கமானது.

சிவப்பில் ஒரு வகைக்கு நானா சொன்ன பெயர் ஜொனதன். அக்கா வாயில் அது 'சோனாதன்' ஆகிவிட்டது. பச்சைக்கு ஏதோ ஒரு வெள்ளைக்காரக் கிழவியின் பெயராம். அக்கா அதைப் 'பாட்டிப் பழம்' என்றார். நீளமாக, அடியில் பல்லுப் பல்லாக இருக்கும் கருஞ்சிவப்புப் பழத்தை அவருக்குப் பிடிக்காது. "பாக்கத்தான் அழகு, கடிச்சா மாவு" என்பார். தோட்டத்துத் துரைசாணி ஒருவர் காரில் வந்து பச்சைப் பழம் மட்டும் வாங்குவார். அதைச் சமைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அக்காவுக்குத் தாங்கவில்லை. அடுத்த தடவை கார் வந்தபோது டிரைவரை விட்டுக் கேட்கச் சொன்னார். சீனி போட்டு மாவுக்குள் மூடிச் சுடுவதாகப் பதில் வந்தது. "கத்திரிக்காயாட்டம்" என்று சொல்லிவிட்டு நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தார்.

தோட்டப் பாடசாலையில் படிப்பித்த யாழ்ப்பாணத்து மாஸ்டர் ஒருவர் என்னிடம் சட்டை தைக்கக் கொடுப்பார். அவருக்கு அப்பிள் மீது மதிப்பே இல்லை.

"உதென்ன பழம்? எங்கட கறுத்தக்கொழும்பான் மாம்பழத்துக்குக் கிட்ட நிக்குமோ?"

"மாஸ்டர், லீவுக்கு ஊருக்குப் போனா ஒன்னு கொண்டாந்து குடுங்க. தின்னுட்டுச் சொல்றேன்."

மாஸ்டர் சொன்னபடி கொண்டுவந்தார். அக்கா என் ஸ்டூலில் உட்கார்ந்து முழு மாம்பழத்தையும் தின்றார். கொட்டையை வெள்ளையாகும் வரைக்கும் சப்பினார். மாஸ்டர் தீர்ப்புக்காகக் காத்து நின்றார்.

"பழம்னா இதுதான் மாஸ்டர். ஆனா பாருங்க, முழங்கை வரைக்கும் ஒழுகுது. இதைப் பையில போட்டுக்கிட்டு தவறணைக்குள்ள போக முடியாது. எங்க ஆளுங்களுக்கு அப்பிள்தான் சரி."

மாஸ்டர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

'ஒங்களுக்கு எது புடிக்கும்?' என்று யாராவது திருப்பிக் கேட்டால் அவருடைய பதில் வருடத்துக்கு வருடம் மாறும். ஒரு வருடம் சோனாதன், மறு வருடம் பாட்டிப் பழம். "போன வருசம் வேற சொன்னீங்களே அக்கா" என்றால், "போன வருசத்து நாக்கா தம்பி இது?" என்பார்.

அவர் எங்கிருந்து இந்தக் கேள்வியைப் பிடித்தார் என்பது எனக்கு ஒரு மழைக்காலத்தில்தான் தெரிந்தது. வியாபாரம் இல்லாத பகல். வீதியில் வெள்ளம் ஓடிக்கொண்டிருந்தது. தானாகவே சொன்னார்.

அவருடைய புருஷன் சின்னையா றொசல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் செடி கவ்வாத்து வெட்டியவர். கத்தி பிடித்தால் அவருக்கு ஈடான ஆள் அந்த மலையில் இல்லையாம். குடிக்காத நாளில் மகளைத் தோளிலிருந்து இறக்க மாட்டார். குடித்த நாளில் அடுப்பை எட்டி உதைப்பார். அக்காவின் மூக்குத்தி முதலில் போனது, அப்புறம் கம்பளி போனது. மழையில் கம்பளி இல்லாமல் கொழுந்து எடுத்தார். அடி விழும்போது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக் காம்பராவுக்குள் ஓடுவார். ஒரே வரிசையாகக் கட்டிய லயத்தில் சுவர் எல்லாம் ஒன்றுதான். அங்கே போனாலும் இங்கே ஏசுவது கேட்கும்.

"எம் பொண்ணு செல்லம் இருக்கே தம்பி, நாய் கொரைக்கிறதை வச்சே சொல்லிடும், அப்பா எந்த நெலையில வர்றாருன்னு. அஞ்சு வயசுப் புள்ள. வெளையாடிக்கிட்டே இருக்கும். நாய் கொரைச்சதும் கல்லைக் கீழ போட்டுட்டு தம்பியைத் தூக்கிக்கும்."

ஒரு சம்பள நாள் சின்னையா குடிக்காமல் வீட்டுக்கு வந்தார். கையில் ஓர் அப்பிள், பச்சை நிறம். மகளிடம் கொடுத்தார். பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் சிவப்பு அப்பிளைத்தான் பார்த்திருந்தது பிள்ளை. இது காய் என்று நினைத்து அழுதது. சிவப்புதான் வேண்டும் என்றது. சின்னையாவுக்கு முகம் செத்துப்போனது. 'ஆசையா வாங்கிட்டு வந்தா இதுதானா?' என்று பழத்தை வாசலில் வீசி எறிந்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போனார். தவறணைக்குத்தான்.

"நான் போய் அந்தப் பழத்தைப் பொறுக்கிட்டு வந்தேன். கழுவி ஒரு கடி கடிச்சேன். அதுக்கு முன்னாடி நான் அப்பிளே தின்னதில்ல. என்னா ருசிங்கிறீங்க! அழுதுகிட்டே தின்னேன். அவரு கெட்ட மனுசன் இல்ல தம்பி. புள்ளைக்கு எது புடிக்கும்னு அவருக்குத் தெரியல. எனக்கும் தெரியல. ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னிக்கு ஒரு நாள் வூட்டுல இருந்திருப்பாரோ என்னமோ."

அதற்குப் பின் சின்னையா குடிக்காமல் வந்த சம்பள நாள் இல்லை. இரண்டொரு வருடத்தில், அடைமழையில், தவறணையிலிருந்து வரும் வழியில் தேயிலைக்கு நடுவில் மழைத்தண்ணீர் ஓடும் கானில் விழுந்து இறந்துபோனார். இதை அக்கா சொன்னபோது அவர் குரல் மாறவில்லை. மழை விடுகிறதா என்று பார்த்துவிட்டுக் கூடையின் மேல் சாக்கை இழுத்து மூடினார்.

தவறணை மனேஜரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் தெற்கே காலிப் பக்கத்துச் சிங்களவர். நாங்கள் மஹத்தயா என்போம். ஒரு நாள் அவர் வீதியைக் கடந்து வந்து அக்காவிடம், "பாக்கியம், நீ நம்ம யாவாரத்தைக் கெடுக்கிறது சரியில்லை" என்று பாதிச் சிரிப்போடு சொன்னார். அக்கா அசரவில்லை.

"மஹத்தயா, ஒங்க புள்ளைக்கு எது புடிக்கும்? செவப்பா, பச்சையா?"

"பெரியதுக்குச் சிவப்பு. சின்னதுக்குத் தோல் சீவிக் குடுக்கிறது, அப்பத்தான் தின்னுறது" என்று கண்ணிமைக்காமல் பதில் சொன்னார்.

அக்கா அவரை வியப்போடு பார்த்தார். அவர் போனதும் என் பக்கம் குனிந்து, "அவரு ஒரு சொட்டு தொட மாட்டாரு, தெரியுமா தம்பி?" என்றார். அது எனக்குப் புதுச் செய்தி. அதன் பின் தவறணையைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சின்னப் பிள்ளையும் தோல் சீவிய பழமும் எனக்கு ஞாபகம் வரும்.

அப்புறம் வெளிநாட்டுப் பழங்களுக்குத் தடை வந்தது. நானாவின் பின்னறையில் காலிப் பெட்டிகள்தான் கிடந்தன. மகள் செல்லம் அப்போது கலியாணமாகிக் கொத்மலைக்குப் போய்விட்டாள். மகன் முத்தையா லொறியில் மூட்டை ஏற்றப் போனான். அக்கா சும்மா இருக்கவில்லை. நுவரெலியாப் பக்கத்துப் பங்களாத் தோட்டங்களில் காய்க்கும் அப்பிளை மரக்கறி லொறிக்காரர்களிடம் சொல்லி எடுப்பித்தார். சின்னச் சின்னதாக, கோணல்மாணலாக இருக்கும். கடித்தால் பல் கூசும் புளிப்பு. ஒருவரும் வாங்கவில்லை. ஒரு நாள் அதைக் கீற்றாக வெட்டி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி எனக்குக் கொடுத்தார். நான் அசந்துபோனேன். இரண்டு நாளில் கூடை மதியத்துக்குள் காலியானது.

ஆனால் யார் வாங்கினார்கள்? தவறணைக்காரர்கள். சாராயத்தோடு கடித்துக்கொள்ள அதைப் போல ஒன்று கிடையாதாம். மஹத்தயா ஆளனுப்பி, வெட்டிய பழம் முழுவதையும் தானே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அக்கா அந்த ஆளை நாளைக்கு வரச் சொன்னார். அன்று பகல் முழுக்கக் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கையில் வேறு வரும்படி இல்லாதவருக்கு அது சின்ன விஷயம் இல்லை.

மறுநாள் அக்கா வந்தபோது அவரிடம் கத்தியும் இல்லை, மிளகாய்த்தூள் டின்னும் இல்லை.

"வெட்டித் தர மாட்டேன். முழுசாத்தான். மொளகாத்தூளு அவங்க அவங்க வூட்டுல இருக்கும். போய்ப் போட்டுத் தின்னட்டும்" என்றார்.

பலர் கோபித்தார்கள். வியாபாரம் பாதிக்கு மேல் விழுந்தது. "வெட்டிக் குடுத்தா என்ன, அவங்க எப்படியும் குடிக்கத்தானே போறாங்க?" என்று நானும் சொல்லிப் பார்த்தேன். "போகட்டும். நான் தொட்டுக்கக் குடுத்து அனுப்ப வேணாம்" என்றார்.

இந்த நேரத்தில்தான் முத்தையா குடிக்க ஆரம்பித்தான். தவறணையின் பக்கக் கதவு வழியாக அவன் நுழைவதை என் இடத்திலிருந்து பார்க்கலாம். தூணுக்கு அந்தப் பக்கம் இருக்கும் அக்காவுக்குத் தெரியாது என்று நினைத்தேன். மறைக்க மனம் வரவில்லை. அன்றைக்கே சொன்னேன்.

"தெரியும் தம்பி. பெத்தவளுக்கு மூக்கு இல்லியா?" என்றார்.

பிறகு எழுந்து, "கூடையைப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு வீதியைக் கடந்து தவறணைப் படி ஏறினார். எனக்கு உட்கார முடியவில்லை. பின்னாலேயே போய் வாசலில் நின்றேன்.

உள்ளே பேச்சு நின்றுவிட்டது. முத்தையா பெஞ்சில் இருந்தான். அக்கா அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "மஹத்தயா, எனக்கும் ஒன்னு குடுங்க" என்றார். மஹத்தயா முதலில் மறுத்தார். அக்கா கையை நீட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரு சின்னக் கிளாஸ் வந்தது. ஒரே மடக்காகக் குடித்தார். இருமினார். கண்ணில் தண்ணீர் வந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு மகனைப் பார்த்தார்.

"இதுல என்னடா இருக்கு? அம்மாவுக்குச் சொல்லு. ஒங்கப்பாவைக் கேட்டுக் கேட்டுப் பாத்தேன். அவரு சொல்லாமயே போயிட்டாரு. நீயாவது சொல்லு."

அவர் திட்டவில்லை. கேட்கத்தான் கேட்டார். புதுப்பெட்டிப் பழத்தைப் பற்றி நானாவிடம் கேட்கிற அதே முகம்.

முத்தையா தலை குனிந்தபடியே, "அப்பா இதுல என்ன பாத்தாருன்னு பாக்கத்தாம்மா வந்தேன்" என்றான்.

"பாத்தியா?"

அவன் காலிக் கிளாஸுக்குள் பார்த்தான். "எனக்கும் ஒன்னும் தெரியல. வா, போவோம்" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார்.

இத்துடன் அவன் திருந்தினான் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. முத்தையா அதற்குப் பிறகும் குடித்தான். முன்னைவிட அதிகமாகக் குடித்தான். தாயின் குடையை விற்றான். ஒரு நாள் இந்த வெரந்தாவில், எல்லாரும் பார்க்க, கூடையைக் காலால் தள்ளினான். பழங்கள் வீதியில் உருண்டன. அக்கா குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். நானும் பொறுக்கினேன். "அவங்கப்பா ஒதைச்ச மாதிரியேதான் ஒதைக்கிறான் தம்பி, அதே காலு" என்று மட்டும் சொன்னார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். தகப்பன் குடித்ததை அவர் சகித்தார். தகப்பனைப் பார்த்து வளர்ந்தவனும் குடித்ததைத்தான் அவரால் விளங்கிக்கொள்ள முடியவில்லை. 'நாய் கொரைக்கிறப்ப இவனோட அக்கா தூக்கிக்கிட்டு ஓடுன புள்ள இவன். இவனுக்கு எப்படி?' என்று பல நாள் என்னைக் கேட்டிருக்கிறார்.

அவன் நோட்டன் பிரிட்ஜ் பக்கம் அணைக்கட்டு வேலைக்குப் போனான். சில மாதம் ஆளே வரவில்லை. வந்தபோது கண்ணும் நகமும் மஞ்சள். ஆஸ்பத்திரியில் போட்டார்கள். இன்னொரு முறை குடித்தால் பிழைக்க மாட்டான் என்று டாக்டர் சொன்னார். அக்கா தினமும் போனார். எங்கிருந்தோ கிடைத்த ஓர் அப்பிளைக் கரண்டியால் சுரண்டிச் சுரண்டி அவன் வாயில் ஊட்டினார். கூடவே, "இது எப்படி இருக்கு, புளிக்குதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

முத்தையா எழுந்து வந்தான். அதன் பின் அவன் குடிக்கவில்லை. ஆனாலும் வீதி மறக்கவில்லை. அவன் வரும்போதெல்லாம் கால்களைப் பார்க்கும் வழக்கம் அப்படி வந்ததுதான். பார்க்கிறவர்கள் அக்காவிடம், "மகனைத் திருத்திட்டீங்களே" என்பார்கள். அவர் ஏற்க மாட்டார்.

"நான் எங்க திருத்துனேன்? காமாலைதான் திருத்துச்சு. நான் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன்."

அடக்கத்தன்று தோட்டத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். தப்படிப்பவர்கள் வந்தார்கள். எனக்கு அதுவரைக்கும் தோன்றாத ஒரு சிக்கல் அங்கே வந்தது. சின்னையாவின் அண்ணன் முத்தையாவிடம், "தப்புக்காரங்களுக்கும் குழி வெட்டுனவங்களுக்கும் ஊத்தணும்ப்பா. மொறை ஒன்னு இருக்கில்ல" என்றார்.

கொத்மலையிலிருந்து வந்திருந்த செல்லம் எழுந்துவிட்டாள். "எங்கம்மா சாவுக்கா? எங்கம்மா சாவுக்குச் சாராயமா?"

பெரியவர்கள் முறையைப் பற்றிப் பேசினார்கள். செல்லம் விடவில்லை. தப்பு நின்றுவிட்டது. முத்தையா தாயின் முகத்தைப் பார்த்தான், பிறகு செல்லத்தின் பக்கம் திரும்பினான்.

"அக்கா, காலையிலேருந்து மழையில நின்னு குழி வெட்டியிருக்காங்க. அம்மா யாரையும் வெறுங்கையோட அனுப்புனதில்ல. நான் போய் வாங்கிட்டு வர்றேன்" என்றான்.

நான் கூடப் போக எழுந்தேன். "நீங்க இருங்க மாமா" என்றான்.

வீதியில் இறங்கித் தவறணைக்குத் தனியாகப் போனான். நாங்கள் எல்லாரும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தோம். செல்லம் மட்டும் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவன் வர நேரமானது. வந்தான். போத்தல்களைக் கீழே வைத்து, கிளாஸைக் கழுவி, தன் கையாலேயே ஒவ்வொருவருக்கும் ஊற்றிக் கொடுத்தான். சாராய வாடை வாசல் முழுக்க நிறைந்தது.

பெரியப்பா ஒரு கிளாஸை அவனிடம் நீட்டினார். "நீயும் ஒன்னு எடுத்துக்கடா. துக்கத்துக்குத்தானே. இன்னிக்கு ஒருத்தரும் ஒன்னும் சொல்ல மாட்டாங்க."

"வேணாம் பெரியப்பா. நான் அம்மாவைத் தூக்கணும்" என்றான் முத்தையா.

தப்பு மறுபடி ஒலித்தது. பாடை வீதியில் போனபோது மஹத்தயா தவறணைக் கதவைச் சாத்திவிட்டு, படியிறங்கி, தலையைக் குனிந்து நின்றார்.

பாக்கியம் அக்காவிடமிருந்து நான் எதை வைத்துக்கொண்டேன் என்று இந்த ஒரு வாரமாக யோசிக்கிறேன். அப்பிளின் ருசி எனக்கு அவ்வளவாகத் தெரியாது. குடியை நிறுத்தும் வழி அவருக்கே தெரியவில்லை. ஆனால் அத்தனை வருடத்தில் எதிர்ப்படியிலிருந்து இறங்கி வந்த எவரையும் 'குடிகாரன்' என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. தன் புருஷனைக்கூடச் சொன்னதில்லை. எத்தனை தள்ளாட்டத்தில் வந்தாலும் ஆளின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். தெரியாவிட்டால் கேட்டுத் தெரிந்துகொள்வார். அதை நான் வைத்துக்கொள்கிறேன்.

நேற்றுச் சம்பள நாள். ஒருவர் தவறணையிலிருந்து இறங்கி வந்து என் வெரந்தாவில் சரிந்து விழப்பார்த்தார். பக்கத்துக் கடையில் சிரித்தார்கள். நான் ஸ்டூலைத் தள்ளி உட்கார வைத்து, அவர் பெயரைக் கேட்டேன். தோட்டத்துப் பெரட்டில் காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும்போது சொல்வதைப் போல நிமிர்ந்து, தகப்பன் பெயரோடு சேர்த்துச் சொன்னார். பிறகு என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "ஒங்க பேரு என்னாங்க?" என்று கேட்டார்.

இத்தனை வருடமாக இந்த வீதியில் சட்டை தைக்கிறேன். எதிர்ப்படியிலிருந்து இறங்கி வந்த ஒருவர் என் பெயரைக் கேட்டது அதுதான் முதல் தடவை.